ஹெட்டைக் கழற்றும் முன்…

கூலன்ட் டேங்க்கின் மூடியைத் திறந்தால், பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ தெளிந்து நிற்க வேண்டிய திரவம் பழுப்பு நிறக் கூழாகத் திரண்டிருக்கிறது. தொட்டால் விரல் வழுக்குகிறது. மெக்கானிக் எட்டிப் பார்த்த உடனேயே, "ஹெட் கேஸ்கட் போயிருச்சு சார், இன்ஜினைப் பிரிக்கணும்" என்கிறார். டர்போ கார் வைத்திருக்கும் பலர் அங்கேயே தலையாட்டிவிடுகிறார்கள். அவர்களிடம், 'கொஞ்சம் பொறுங்கள்' என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

டர்போ இன்ஜினில் ஆயிலும் கூலன்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இடங்கள் பல. டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். பெட்ரோல் இன்ஜின் என்றால், டர்போவின் மேல் மோதும் புகையின் வெப்பம் முழு வேகத்தில் 900 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டும். அந்த அச்சைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். பல கார்களில், அச்சைச் சுற்றியுள்ள கூட்டுக்குள் கூலன்டும் ஓடுகிறது. அங்கே சூடேறும் ஆயிலை ஆற்றுவதற்கு ஆயில் கூலர் என்று ஒரு பாகம் உண்டு. அதில் அடுக்கடுக்காக மெல்லிய தகடுகள். தகட்டுக்கு ஒரு பக்கம் ஆயில், மறுபக்கம் கூலன்ட். ஊசி முனையளவு ஓட்டை விழுந்தால் போதும், இரண்டும் கலந்துவிடும்.

எது எதற்குள் போகும் என்பதில்தான் துப்பு இருக்கிறது. ஓடும் இன்ஜினில் ஆயிலின் அழுத்தம் 3, 4 பார் வரை இருக்கும். கூலன்டின் அழுத்தம் ஒரு பாரைச் சுற்றியே நிற்கும். ஆகவே கூலர் ஓட்டையானால் ஆயில்தான் கூலன்டுக்குள் தள்ளப்படும். டேங்க் கூழாகியிருக்கும், டிப்ஸ்டிக்கில் ஆயிலின் நிறம் பழையபடியே இருக்கும். சைலன்ஸரில் வெள்ளைப் புகை இருக்காது, இன்ஜின் இழுவையும் குறைந்திருக்காது. இந்த நான்கும் ஒத்துவந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ஆயில் கூலரைத்தான். அதைக் கழற்றி, ஒரு பக்கத்தை அடைத்து, காற்றேற்றி, பஞ்சர் கடையில் டியூபை முக்குவதுபோலத் தண்ணீருக்குள் முக்கினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். பல கார்களில் ஹெட்டைத் தொடாமலே செய்யக்கூடிய சோதனை இது.

ஆனால், இன்ஜினை நிறுத்தியதும் நிலைமை தலைகீழாகும். ஆயில் அழுத்தம் உடனே இறங்கிவிடும். சூடான கூலன்டின் அழுத்தம் வெகுநேரம் நிற்கும். அப்போது கூலன்ட் ஆயிலுக்குள் கசியலாம். எனவே டிப்ஸ்டிக்கை இரவு நிறுத்திய காரில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பாருங்கள். ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறியிருந்தால் காரை ஓட்டவே கூடாது. டர்போவின் பேரிங்கைத்தான் அந்த ஆயில் முதலில் தின்னும். ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணெய்போல ஒட்டியிருந்தால் பதற வேண்டாம். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிகளில் ஈரம் படிந்தே அப்படி ஆகும்.

இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையில் அடைப்பாக இருப்பது ஹெட் கேஸ்கட். அது போனதற்கான அடையாளங்கள் வேறு. ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே ரேடியேட்டர் ஹோஸ் கல்லாக இறுகும். டேங்க்கில் குமிழி விடாமல் வரும். கூலன்ட் வெளியே ஒழுகாமலே குறையும். டேங்க்கின் வாயில் நீல நிறச் சோதனைத் திரவத்தை வைத்துப் பார்ப்பார்கள். எரிந்த புகையிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டால் அது மஞ்சளாகும். டர்போ கார்களில் இந்தச் சோதனை ஏமாற்றிவிடுவதுண்டு. நின்ற இடத்தில் ஐடிலில் ஓடும்போது, டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தமான பூஸ்ட் ஏறுவதில்லை. பூஸ்டில் மட்டும் கசியும் கேஸ்கட் அப்போது அடங்கியே இருக்கும். டீசலில் ஐடில் புகையில் கார்பன் டை ஆக்சைடே குறைவு. அதனால் முந்தின நாள் மேட்டில் நன்றாக இழுத்து ஓட்டிவிட்டு, மறுநாள் காலை முழுக்க ஆறிய பிறகு டேங்க் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். ஆறிய இன்ஜினில் அழுத்தம் இருக்கக் கூடாது. 'புஸ்' என்று காற்று வந்தால், உள்ளே வாயு புகுந்திருக்கிறது என்று பொருள். சூடாக இருக்கும்போது அந்த மூடியில் கைவைக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பாயும்.

ஆட்டோமேட்டிக் கார்களில் கூலன்ட் ரோஸ்மில்க் போல மாறினால் கியர் ஆயில் கலந்திருக்கிறது. அதன் கூலர் பல கார்களில் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. டீசல் கார்களில் புகையை ஆற்றும் இ.ஜி.ஆர். கூலர் இன்னொரு சந்தேக இடம். 2018இல் தென் கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. அந்தக் கூலரிலிருந்து கசிந்த கூலன்ட் கரியோடு சேர்ந்து பற்றியதே காரணம் என்று நிறுவனமே அறிவித்து, உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது.

நம் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. கூலன்டின் அளவு குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றுவது. அதிலுள்ள உப்பும் சுண்ணாம்பும் உள்ளே படிந்து, மெல்லிய தகடுகளை அரிக்கும். நிறத்தை மட்டும் பார்த்து வேறு வகைக் கூலன்டைக் கலந்தாலும் கூழாகலாம். அந்தக் கூழில் ஆயில் பிசுக்கு இருக்காது.

கோளாறைச் சரிசெய்தாலும் ஆயில் பட்ட ரப்பர் ஹோஸ்கள் உப்பிப் பிய்ந்துபோகும்; அவற்றையும் மாற்ற வேண்டும். ஒருமுறை கழுவினால் பிசுக்குப் போகாது, மூன்று நான்கு முறையாவது கழுவ வேண்டும்.

இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஆயில் கூலரைக் கழற்றித் தண்ணீரில் முக்கிப் பார்த்தீர்களா?"