புதுச் சட்டை முள்ளாய்க் குத்துகிறது!

தீபாவளி என்றால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால், தீபாவளி வருகிறது என்றாலே அழுகிற குழந்தைகளும் உண்டு!

எண்ணூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டில் ஏழு வயதுச் சிறுவன். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கூட்டத்தில் இடிபட்டு, அப்பா அவனுக்குப் புதுச் சட்டை வாங்கி வந்திருக்கிறார். சரிகை வைத்த சட்டை. கழுத்துப்பட்டி விறைப்பாக நிற்கிறது. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, அம்மா அதை அவனுக்கு மாட்டுகிறார்.

அவ்வளவுதான். சிறுவன் அலறுகிறான். பட்டனைப் பிய்க்கிறான். "வேணாம்மா, குத்துது, கழட்டு!" என்று தரையில் விழுந்து புரளுகிறான்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு வெடி வெடிக்கிறது. காதைப் பொத்திக்கொண்டு ஓடி, கட்டிலுக்கு அடியில் ஒண்டிக்கொள்கிறான்.

"நாலு போடு போட்டால் சரியாகிவிடும்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "செல்லம் கொடுத்தே கெடுத்துவிட்டீர்கள்" என்கிறார் மாமா. அப்பாவின் கை ஓங்குகிறது.

அந்தக் கை சிறுவன் மீது விழலாமா? கூடாது. ஏன் கூடாது? அதற்கு மருத்துவம் தெளிவான விடை சொல்லுகிறது.

தூங்காத காவல்காரன்

கண், காது, மூக்கு, நாக்கு, தோல் ஆகிய ஐந்தும் நம் உடம்பின் காவல்காரர்கள். ஆபத்து வந்தால் இவைதான் மூளைக்குச் சேதி சொல்லுகின்றன.

இதை எண்ணூர் மக்கள் நன்றாக அறிவார்கள். 2023-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி நள்ளிரவில், பெரியகுப்பம் அருகே கடலுக்கு அடியில் செல்லும் குழாயில் இருந்து அம்மோனியா வாயு கசிந்தது. உறங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பியது எது? அவர்களுடைய மூக்கும், கண்ணும், தொண்டையும்தான். நெடி ஏறியது, கண் எரிந்தது, மூச்சு முட்டியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அன்று காவல்காரர்கள் விழித்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

ஆனால், நல்ல காவல்காரனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆபத்து இல்லாத நேரத்தில் அவன் சும்மா இருக்க வேண்டும்.

காலையில் சட்டை போடும்போது துணி உடம்பில் படுவது தெரிகிறது. சிறிது நேரத்தில் அது மறந்து போகிறது. சட்டை உடம்பில்தான் இருக்கிறது. ஆனால், "இது பழைய சேதி, இனி சொல்லாதே" என்று மூளை தள்ளிவிடுகிறது.

சத்தமும் அப்படித்தான். வெளியூரில் இருந்து எண்ணூருக்கு விருந்து வருகிறவர், முதல் நாள் இரவு தூங்க மாட்டார். கும்மிடிப்பூண்டிப் பாதையில் ரயில் ஊதும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி ஹாரன் அடிக்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் திடுக்கிட்டு விழிப்பார். நாலு நாள் போனால் அவரும் குறட்டை விடுவார். பழகிவிடும்!

சிலருக்கு மட்டும் இது எளிதில் பழகுவதில்லை. அவர்களுடைய காவல்காரன் ஓயாமல் கூவிக்கொண்டே இருக்கிறான். சட்டையின் கழுத்தில் இருக்கும் சிறிய லேபிள் காலை முதல் மாலை வரை குத்துகிறது. மிக்சியின் சத்தம் தலைக்குள் இறங்குகிறது. வெண்டைக்காயின் வழவழப்பு நாக்கில் பட்டதும் குமட்டுகிறது. ஈரக் காலில் ஒட்டிய கடல் மணல், உதறித் தீரும்வரை நிம்மதி தருவதில்லை.

இது கற்பனை அல்ல. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2015-ம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளையும், இல்லாத பிள்ளைகளையும் கருவியில் படுக்க வைத்து மூளையைப் படம் பிடித்தார்கள். அப்போது அவர்கள் கையில் சொரசொரப்பான கம்பளித் துணியைத் தேய்த்தார்கள். வண்டி வாகனங்களின் இரைச்சலைக் கேட்கச் செய்தார்கள். இவற்றைப் பொறுக்க முடியாத பிள்ளைகளின் மூளையில், அச்சத்தை எழுப்பும் பகுதி அதிகமாகத் துடித்தது. மற்றப் பிள்ளைகளின் மூளை மெல்ல மெல்ல அடங்கியது. இவர்களுடையது அப்படி அடங்கவில்லை.

ஆகவே, "குத்துது" என்று அந்தச் சிறுவன் சொல்லுவது பொய் அல்ல. அவனுக்கு உண்மையிலேயே குத்துகிறது!

வேஷம் போடுகிறானா?

"மிக்சி போட்டால் காதைப் பொத்துகிறான். ஆனால், தட்டைக் கரண்டியால் அடித்து வீட்டையே இரண்டாக்குகிறான். எல்லாம் வேஷம்!"

பல வீடுகளில் கேட்கும் புகார் இது. 80 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு டாக்டர் இதைக் கவனித்தார். அவர் பெயர் லியோ கன்னர். அமெரிக்காவில் இருந்தவர். 1943-ம் ஆண்டில் அவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசம் என்ற நிலையை உலகம் அறியச் செய்தது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம், முட்டை அடிக்கும் கருவியின் சத்தம், ஏன், காற்றின் சத்தம்கூட அந்தக் குழந்தைகளை நடுங்க வைத்தது. ஆனால், அதே குழந்தைகள் அதே அளவு சத்தத்தைத் தாங்களே மகிழ்ச்சியோடு எழுப்பினார்கள் என்றும் அவர் எழுதினார்.

இது எப்படி? உங்கள் கையால் உங்களையே கிச்சுக்கிச்சு மூட்டிப் பாருங்கள். சிரிப்பு வராது. அடுத்தவர் மூட்டினால் துள்ளுவீர்கள். தான் செய்யப் போவது மூளைக்கு முன்பே தெரியும். அடுத்தவர் செய்யப் போவது தெரியாது.

தட்டை அடிக்கும்போது, சத்தம் எப்போது வரும், எப்போது நிற்கும் என்பது சிறுவனுக்குத் தெரியும். அம்மா மிக்சியைப் போடுவது அவனுக்குத் தெரியாது. திடீரென்று வருவதுதான் அவனுக்கு இடி.

இதில் ஒரு வழியும் இருக்கிறது. "கண்ணு, சட்னி அரைக்கப் போறேன். பத்து எண்றதுக்குள்ள நிறுத்திடுவேன்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். முடிந்தால் மிக்சியின் பட்டனை அவனையே திருகச் சொல்லுங்கள். பாதி அச்சம் அங்கேயே போய்விடும்.

பேராசிரியரான சிறுமி

இந்தக் கூச்சம் யாருக்கு இருக்கும்? ஆட்டிசம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஏதாவது ஒரு வகையில் இருக்கும். 2013-ம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவர்கள் திருத்தி வெளியிட்ட கையேட்டில், ஆட்டிசத்தின் அடையாளங்களில் இதுவும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. ஓரிடத்தில் நிற்காமல் துறுதுறுவென்று அலையும் பிள்ளைகளுக்கும் இருக்கலாம். வேறு எந்தக் குறையும் இல்லாதவர்களுக்கும் இருக்கலாம். லேபிளை வெட்டாமல் சட்டை போட மாட்டேன் என்னும் பெரியவர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

அமெரிக்காவில் 1947-ம் ஆண்டில் பிறந்தவர் டெம்பிள் கிராண்டின் என்ற பெண்மணி. ஆட்டிசம் உள்ளவர். சிறுமியாக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு உடுத்தும் உள்பாவாடை அவருக்கு உப்புத்தாளைப் போல உடம்பைத் தேய்த்தது. பள்ளிக்கூட மணி காதுக்குள் துளை போடுவது போல வலித்தது. கோவிலில் அடம்பிடிக்கும் குழந்தை என்று பெயர் வாங்கினார். பல ஆண்டுகள் கழித்துத் தமது நூல்களில் இதை அவர் விளக்கியபோதுதான் உலகம் புரிந்துகொண்டது. அந்தச் சிறுமி, பின்னாளில் கால்நடை இயல் பேராசிரியராக உயர்ந்தார்!

அவர் கண்டுபிடித்த ஒரு விஷயம் ருசிகரமானது. அத்தையின் பண்ணையில், மாடுகளுக்கு ஊசி போடும்போது இரண்டு பக்கமும் பலகையால் அணைத்துப் பிடிப்பதைப் பார்த்தார். மிரண்டு நின்ற மாடுகளில் பல, அந்த அழுத்தத்தில் அமைதி அடைந்தன. தமக்கும் அதுபோல ஓர் அணைப்புக் கருவியை 18 வயதில் செய்துகொண்டார். லேசாகத் தொட்டால் துள்ளும் அவருடைய உடம்பு, அழுத்தமான அணைப்பில் அமைதி கண்டது.

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. இத்தகைய பிள்ளையை லேசாக வருடினால் கூசும். அழுத்தமாகப் பிடித்தால் இதமாக இருக்கலாம். குளித்ததும் துண்டால் பரபரவென்று தேய்க்காதீர்கள், ஒற்றி எடுங்கள். பின்னால் இருந்து திடீரென்று தொடாதீர்கள், சொல்லிவிட்டுத் தொடுங்கள். அணைப்பையும் அவன் விரும்பினால் மட்டும் கொடுங்கள்.

ஆயாவுக்குத் தெரிந்த வைத்தியம்

பிறந்த குழந்தையைப் புதுத் துணியில் போடுவார்களா? மாட்டார்கள். பல தடவை துவைத்து நைந்துபோன பழைய வேட்டியைக் கிழித்து, அதில்தான் போடுவார்கள். அம்மாவின் பழைய சேலைதான் தூளி. கோடித் துணியில் கஞ்சி இருக்கும், விறைப்பு இருக்கும், பிஞ்சுத் தோலுக்கு ஆகாது என்பது வீட்டில் இருக்கும் ஆயாவுக்குத் தெரியும்.

அதே வைத்தியத்தை ஏழு வயதுப் பிள்ளைக்கும் செய்தால் என்ன?

புதுத் துணியை வாங்கியதும் மாட்டாதீர்கள். நாலைந்து தடவை அலசிக் காயவையுங்கள். கழுத்து லேபிளைத் தையலோடு பிரித்து எடுத்துவிடுங்கள். உள்ளே ஒரு பழைய பருத்தி பனியனைப் போட்டு, அதன்மேல் சட்டையைப் போடுங்கள். பெண் பிள்ளைக்குப் பட்டுப் பாவாடை என்றால், சரிகைக் கரை உடம்பில் படாமல் உள்ளே பருத்திப் பாவாடை கட்டுங்கள். கடைக்குப் போனால், கண்ணால் பார்க்கும் முன் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைக்குப் பிடித்த துணி எது என்று அவன் விரலே சொல்லிவிடும்.

பள்ளிச் சீருடை உறுத்தினால் ஆசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் ஆசிரியர் உதவி செய்வார். தெரியாவிட்டால், "வகுப்பில் நெளிகிறான்" என்றுதான் நினைப்பார்.

சத்தத்துக்கும் சட்டம் உண்டு

ஒலியை அளக்கும் கணக்குக்கு டெசிபல் என்று பெயர். 2000-ம் ஆண்டில் வந்த ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலுக்கும், இரவில் 45 டெசிபலுக்கும் மேல் சத்தம் இருக்கக்கூடாது. தொழிற்சாலைப் பகுதியில் பகலில் 75, இரவில் 70. எண்ணூரைப் போலத் தொழிற்சாலையும் வீடும் அடுத்தடுத்து இருக்கும் ஊரில் இந்த வேற்றுமை காதுக்கே தெரியும்.

வெடிக்கும் வரம்பு உண்டு. வெடிக்கும் இடத்தில் இருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் போகும் வெடிகளைச் செய்யவோ, விற்கவோ கூடாது. 55 எங்கே, 125 எங்கே? கணக்குப் பார்த்தால், 125 டெசிபல் ஒலியின் ஆற்றல் 55 டெசிபலைப் போல ஒரு கோடி மடங்கு!

2018-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், தீபாவளி அன்று 2 மணி நேரம் மட்டுமே பட்டாசு வெடிக்கலாம் என்று உத்தரவிட்டது. அதன்படி, காலை 6 மணி முதல் 7 மணி வரை, இரவு 7 மணி முதல் 8 மணி வரை என்று தமிழ்நாடு அரசு நேரம் வகுத்தது. எல்லோரும் இந்த நேரத்தைக் கடைப்பிடித்தால், இந்தப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. எப்போது ஆரம்பிக்கும், எப்போது முடியும் என்று கடிகாரத்தைக் காட்டிச் சொல்லிவிடலாமே!

சத்தம் அதிகமான நேரத்தில் காதை மூடும் கருவியைப் போட்டுவிடலாம். ஆனால், நாள் முழுவதும் காதை மூடி வைக்கக்கூடாது. அப்படிச் செய்தால், சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்கத் தொடங்கும்.

எங்கே காட்டுவது?

பிள்ளை திடீரென்று சத்தத்துக்கு அழுதால், முதலில் காதில் சீழ், வலி இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள். துணி உறுத்துகிறது என்றால் தோலில் சொறி, சிரங்கு உண்டா என்று பாருங்கள். பேச்சு தாமதம், கூப்பிட்டால் திரும்பாமை போன்றவையும் சேர்ந்திருந்தால் குழந்தை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

உண்பது, உடுத்துவது, விளையாடுவது போன்ற அன்றாட வேலைகளைப் பழக்கும் சிகிச்சைக்கு ஆக்குபேஷனல் தெரபி என்று பெயர். அந்தத் துறையைச் சேர்ந்த ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, புலன் உணர்வுகளை மூளை ஒருங்கிணைப்பதைப் பற்றி 1972-ம் ஆண்டில் வெளியிட்ட நூல் பலருக்கு வழிகாட்டியது. இந்தப் பயிற்சி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி பலன் தருவதில்லை. "ஒரே மாதத்தில் அடியோடு குணமாக்குகிறேன்" என்று பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம்.

சென்னை அருகே முட்டுக்காட்டில், பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆட்டிசம் என்று உறுதியானால், சான்றிதழ் பெற்று அரசு உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

இனி அந்த எண்ணூர் வீட்டுக்குத் திரும்புவோம். அடுத்த தீபாவளி. சிறுவனின் உடம்பில், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய பனியன். மடியில் ஆயாவின் நைந்த சேலை. காதில் பஞ்சு. மணி எட்டு அடிக்கிறது. வெடிச் சத்தம் ஓய்கிறது. "முடிஞ்சிடுச்சா?" என்று கேட்கிறான். "முடிஞ்சிடுச்சு கண்ணு" என்கிறார் அம்மா. மெல்ல எழுந்து வாசலுக்கு வருகிறான். கம்பி மத்தாப்பைக் கையில் வாங்குகிறான். சிரிக்கிறான்.

சரிகைச் சட்டை ஆணியில் தொங்குகிறது. தொங்கட்டுமே! சட்டைக்காகவா தீபாவளி?