கழித்த டிராக்டர் உறுப்புகளும் மாட்டுத் தொழுவமும்

கட்டை வண்டி பழுதுற்றுக் கழிந்த காலத்தில் வீணாய்ப் போனது ஒன்றுமில்லை. வட்டையும் ஆரக்காலும் அடுப்பெரிக்கவோ கன்று கட்டும் முளைக்கோ பயன்பட்டன. சக்கரத்தின் இரும்புப் பட்டாவும் அச்சும் கொல்லன் உலைக்குச் சென்று கொழுவாகவும் களைக்கொட்டாகவும் வீடு திரும்பின. எஞ்சியது மண்ணோடு மண்ணாயிற்று. ஆகவே கழிந்த பொருளைத் தொழுவத்தின் பின்புறம் சார்த்தி வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்வது குடியானவர் வழக்கமாயிற்று. வண்டியின் இடத்தில் டிராக்டர் வந்த பின்னும் வழக்கம் மாறவில்லை. பொருள்கள் மாத்திரம் மாறிவிட்டன. புதிய பாட்டரியும் புதிய டயரும் பூட்டியவுடன் பழையவை அதே வைக்கோற்போரின் அருகில் போடப்படுகின்றன. அவ்விடத்தில் கட்டிய மாட்டிற்கு அவற்றால் நேரக்கூடிய கேடு பலரும் அறியாதது.

இவற்றுள் மிகவும் அஞ்சத்தக்கது பழைய பாட்டரியே. அதன் நிறையிற் பாதிக்கு மேல் ஈயம். மீதியிற் பெரும்பகுதி கந்தகத் திராவகம். வெயிலிலும் மழையிலும் கிடந்து மேலோடு வெடித்ததும் உள்ளிருக்கும் தகடுகள் நொறுங்கி மண்ணில் உதிர்கின்றன. மாடுகள், விசேஷமாகக் கன்றுகள், புதிய பொருளைக் கண்டால் நக்கிப் பார்க்கும் இயல்புடையவை. விழுங்கிய ஈயத்துண்டு இரண்டாம் இரைப்பையில் தங்கிச் சிறிது சிறிதாகக் கரைந்து இரத்தத்திற் சேர்கிறது. மாடு தீனி தின்னாது, பல்லைக் கடிக்கும், கண் பார்வையிழந்து சுவரிலும் வேலியிலும் முட்டிக்கொண்டு நிற்கும், காதும் இமையும் துடிக்கும், முடிவில் வலிப்புக் கண்டு விழும். கன்றாயின் குறி தோன்றிய சில மணி நேரத்திலேயே இறப்பதும் உண்டு. இக்குறிகளை விஷக்கடி என்றும் வெறிநோய் என்றும் மயங்குவது சாதாரணம். வெறிநோயாகவே இருத்தலும் கூடுமாதலால், மருத்துவர் வருமுன் வாயில் கைவிட்டு மருந்து புகட்டுதல் ஆகாது. உடனே கால்நடை மருந்தகத்திற்குச் சொல்லியனுப்பி, பாட்டரி கிடந்த செய்தியையும் மறவாமல் தெரிவிக்க வேண்டும். அச்செய்தி தெரிந்தால் நோயை இனங்காணும் வேலை பாதி முடிந்ததாகும். ஈயம் பாலிலும் இறங்கும். ஆகையால் அதே கொட்டிலில் நின்ற மற்றக் கறவைகளின் பாலையும் மருத்துவர் அனுமதிக்கும் வரையில் வீட்டிற்கும் சங்கத்திற்கும் கொடுக்கலாகாது.

இவ்வளவு கேட்டிற்கும் பரிகாரம் மிக எளிது. புதிய பாட்டரி வாங்கப் போகும்போதே பழையதைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். கடைக்காரர் அதற்குரிய தொகையை விலையிற் கழித்துக்கொள்வார். பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறுவது குறித்து 2001ஆம் ஆண்டிலேயே மத்திய அரசாங்கம் விதி செய்தது. அதற்குப் பதிலாக 2022ஆம் ஆண்டில் வந்த விதிகள், சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர் மீதும், மற்றக் குப்பையுடன் கலவாமல் ஒப்படைக்கும் கடமையை உபயோகிப்பவர் மீதும் சுமத்துகின்றன. தெருவில் வரும் பழைய இரும்பு வியாபாரி சிறிது கூடுதலாகக் கொடுக்கலாம். ஆனால் அவரிடமிருந்து வாங்குவோர் சிலர் ஊர்ப்புறத்தே பாட்டரியை உடைத்துத் திராவகத்தை வாய்க்காலிற் கொட்டி, ஈயத்தைத் திறந்த அடுப்பில் உருக்குகின்றனர். அப்புகை படிந்த புல்லை மேய்வன அவ்வூர் மாடுகளே. அம்மண்ணில் விளையாடுவன அவ்வூர்க் குழந்தைகளே. புறம்போக்கில் இத்தொழில் நடப்பதைக் கண்டால் கிராம அலுவலர்கள் வாளாவிராமல் மாசு கட்டுப்பாட்டு வாரியத்திற்கு எழுதுவது அவசியம்.

டயரை அறுத்துத் தீனித்தொட்டி செய்யும் வழக்கம் அநேக வீடுகளில் உண்டு. டிராக்டர் டயர்கள் பலவற்றின் உடல் நைலான் நூலால் ஆனதாயினும், விளிம்பினுள்ளே எஃகுக் கம்பி வளையம் இருக்கும். லாரியின் ரேடியல் டயரிலோ உடல் முழுவதும் எஃகுக் கம்பியே. அறுத்த இடத்தில் ரப்பர் தேயத் தேயக் கம்பி முனைகள் வெளிப்பட்டு, ஒடிந்து தீனியிற் கலக்கும். ஆட்டைப்போல் உதட்டால் தெரிந்தெடுத்துத் தின்பது மாட்டிற்கு வழக்கமில்லை. நாவால் வளைத்து அப்படியே விழுங்கிவிடும். கம்பி இரண்டாம் இரைப்பையில் இறங்குகிறது. அதற்கு முன்னே மிக அணுக்கமாயிருப்பது இருதயம். சினை முற்றி வயிறு நெருக்கும் காலத்தில் கம்பி இரைப்பையைத் துளைத்து இருதயத்தைத் தைப்பதும் உண்டு. முழங்கையை அகற்றி நிற்றல், சரிவில் இறங்கத் தயங்குதல், படுக்கும்போது முனகல், பின்னர் நெஞ்சடியில் வீக்கம் ஆகியவை இதன் குறிகள். தொடக்கத்திற் கண்டால் வயிற்றைத் திறந்து கம்பியை எடுத்துக் காப்பாற்றலாம். நெஞ்சு வீங்கிய பின் பிழைப்பது அரிது. ஆதலால் தீனிக்குச் சிமெண்டுத் தொட்டியே தக்கது. டயரை வேறெதற்கேனும் வைத்துக்கொள்வதாயினும் மழை நீர் தேங்க விடலாகாது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு அதன் உட்சுவரில் இடும் முட்டைகள் மாதக்கணக்கில் வறண்டு கிடந்தும் அடுத்த மழையிற் பொரிப்பவை. நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வெல்லம் காய்ச்சும் அடுப்பில் டயரை இட்டெரிப்பது அறவே விடத்தக்கது.

கழித்த எஞ்சின் எண்ணெயைக் கிணற்றோரத்திலோ வரப்பிலோ ஊற்றுவதும், மாட்டின் புண்ணில் தடவுவதும் கூடா. தகரத்தில் சேர்த்து வைத்து, டிராக்டரைப் பழுது பார்க்க விடும்போது பட்டறையில் கொடுத்துவிட்டால், அங்கிருந்து அங்கீகாரம் பெற்ற சுத்திகரிப்போருக்குச் செல்ல வழியுண்டு. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கக் கூடுமாகையால், அதன் தூளைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தல் நன்று.

இனி, வைத்துக்கொள்ளத் தக்கவை எவையெனில், டிரெய்லரின் பழைய வில்பட்டைகள் அவற்றுள் முதன்மையானவை. இவை கரி மிகுந்த எஃகினாலானவை. கடைகளில் விற்கும் சாதாரண இரும்புப் பட்டையில் கரி மிகக் குறைவாதலால் எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் முனை நில்லாது. வில்பட்டையோ அரிவாளுக்கும் கோடரிக்கும் மண்வெட்டிக்கும் ஏற்றது. அனுபவமுள்ள கொல்லர் அதைச் செக்கச்சிவக்கக் காய்ச்சி அடித்து, முனையை மாத்திரம் எண்ணெயில் தோய்ப்பார். அதன்பின் மெல்லச் சூடேற்றி, வைக்கோல் நிறம் ஓடும்போது ஆறவிடுவார். தண்ணீரில் திடீரென்று தோய்த்தால் வெடித்துப் போவது அதிகம். ஒடிந்து கழிந்த பட்டையாயின் ஒடிவுக்கு அருகில் கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பு ஓடியிருக்கும். அவ்விடத்தில் ஒரு சாண் தள்ளி வெட்டியே உபயோகிக்க வேண்டும். தேய்ந்த பின் அச்சு கடப்பாறைக்கு உதவும். ஆனால் ஸ்டியரிங் உறுப்புகளையும் பிரேக் உறுப்புகளையும், ‘இன்னும் சில நாள் ஓடும்’ என்று எடுத்து வைத்து மறுபடி பூட்டுவது உயிருக்கே ஆபத்து. அவற்றை அன்றே இரும்பு விலைக்குத் தள்ளிவிடுவது நலம்.

எஞ்சினையே மாற்றியவர்கள், அதன் எண் பதிவுச் சான்றிதழில் கண்டிருப்பதால், பதிவு அதிகாரியின் அனுமதியுடன் புது எண்ணைக் குறிக்கச் செய்ய வேண்டும். டிராக்டரே ஓடாத நிலையை அடைந்து கழிக்கப்பட்டால், 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 55ஆம் பிரிவின்படி பதினான்கு நாட்களுக்குள், அல்லது இயன்ற விரைவில், அதனைப் பதிவு அதிகாரிக்கு அறிவித்துச் சான்றிதழையும் அனுப்ப வேண்டும். பழைய எஞ்சினை இறைவைக்கென்று பிறருக்கு விற்பவர் அதன் எண்ணும் தேதியும் கண்ட ரசீது இரண்டு எழுதி, வாங்குவோரின் கையொப்பம் பெற்று, ஒன்றைத் தம்மிடமே வைத்துக்கொள்வது பின்னால் வரும் வழக்குகளுக்கு இடமில்லாமற் செய்யும்.