புதையலைத் தேடலாம்... தூக்கிக்கொண்டு போகக் கூடாது!

செல்போன் காட்டும் புள்ளியை நோக்கி நடக்கிறீர்கள். இன்னும் 20 மீட்டர்... 10 மீட்டர்... 'இங்கேதான்' என்கிறது போன். சுற்றிச் சுற்றித் தேடினால், கம்பி வேலியின் அடியில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கிறது ஒரு குட்டி டப்பா. உள்ளே தங்கம், வைரம் எதுவும் இல்லை. ஒரு காகிதச் சுருள் மட்டும். அதில் உங்கள் பெயரை எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்!

இதன் பெயர் ஜியோகேஷிங். 'கேஷ்' என்றதும் பணம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒளித்துவைத்த பொருளுக்கும் ஆங்கிலத்தில் அதே உச்சரிப்புதான். இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கேஷ்கள் இருக்கின்றன.

பக்கெட்டில் தொடங்கிய கதை

அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்தில், கொலம்பியா நதிப் பள்ளத்தாக்கின் ஓரமாகப் போகிறது ஒரு பழைய மலைச்சாலை. அதில் 'கிரவுன் பாயின்ட்' என்ற திருப்பத்தில் எல்லா கார்களும் நின்றுவிடும். 733 அடி கீழே நதி. எதிர்க்கரையில் வாஷிங்டன் மாகாணம். தொப்பியைப் பறித்துக்கொண்டு போகும் காற்று!

இங்கிருந்து நேர்க்கோட்டில் சுமார் 30 கி.மீ தூரத்தில்தான் இந்த விளையாட்டு பிறந்தது. 2000-ம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை சேர்த்துவைத்திருந்தது. அதை நீக்கியதும் துல்லியம் பத்து மடங்கு கூடியது. அடுத்த நாளே, மே 3-ம் தேதி, டேவ் உல்மர் என்பவர் சாலையோரமாக ஒரு பக்கெட்டை ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தை இணையத்தில் அறிவித்தார். உள்ளே ஒரு வீடியோ கேசட், கொஞ்சம் டாலர், ஒரு டின் பீன்ஸ்! சில நாள்களிலேயே அதைக் கண்டுபிடித்தவர் மைக் டீக். அவர் நதிக்கு அந்தப் பக்கத்துக்காரர்.

டப்பா பெரிதாக இருந்தால் உள்ளே பொம்மை, சாவிக்கொத்து போன்றவை இருக்கும். ஒன்றை எடுத்தால், அதே மதிப்புள்ள இன்னொன்றை வைக்க வேண்டும். சாப்பாட்டுப் பொருள் மட்டும் கூடாது. விலங்குகள் வாசனை பிடித்து வந்துவிடும். உல்மரின் பீன்ஸ் டின்னுக்கு இன்று அனுமதி இல்லை!

டப்பாவே இல்லாத கேஷ்

வியூ பாயின்ட்டில் கேஷ் வைப்பதற்குக் கட்டுப்பாடுகள் அதிகம். நிலத்துக்குப் பொறுப்பானவரின் அனுமதி வேண்டும். மண்ணைத் தோண்டக் கூடாது. ஒரு டப்பாவுக்கும் அடுத்ததற்கும் 161 மீட்டர் இடைவெளி வேண்டும். டப்பா வைக்க முடியாத இடங்களுக்காகவே 2004-ல் வந்தது 'எர்த்கேஷ்'. அங்கே போய்ப் பாறையையும் நிலத்தையும் கவனித்து, கேட்கும் கேள்விகளுக்குப் பதில் அனுப்பினால் போதும்.

இத்தனை கண்டிப்பு எதற்கு? கொலம்பியா பள்ளத்தாக்கையே கேளுங்கள். 2017 செப்டம்பரில், 15 வயதுப் பையன் ஒருவன் விளையாட்டாக வீசிய பட்டாசு, சுமார் 48,000 ஏக்கரை எரித்துவிட்டது. தீ முழுமையாகக் கட்டுக்குள் வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. அழகான இடத்துக்கு ஆபத்து வர ஒரு நொடி அலட்சியம் போதும். அதனால்தான் இந்த விளையாட்டுக்காரர்கள் கேஷ் தேடப் போகும்போது குப்பைப் பையும் கொண்டுபோகிறார்கள். 2002 முதல் இது ஒரு இயக்கமாகவே நடக்கிறது.

யோசித்துப் பாருங்கள். பூட்டு இல்லை, காவல் இல்லை. யார் வேண்டுமானாலும் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடலாம். அப்படித் தொலைந்துபோவதும் உண்டு. ஆனாலும் முகம் தெரியாத ஒருவர், பின்னால் வரப்போகும் முகம் தெரியாத இன்னொருவருக்காக அதைப் பத்திரமாகத் திருப்பி வைக்கிறார். 25 வருடங்களாக இந்த ஆட்டம் ஓடுவது சாட்டிலைட்டால் மட்டுமல்ல, இந்த நம்பிக்கையாலும்தான்.

இந்தியாவிலும் கேஷ்கள் இருக்கின்றன. குழந்தைகளோடு தேடிப் போகும்போது இரண்டு விஷயங்களை மறக்காதீர்கள். தடுப்புச் சுவரைத் தாண்டி எந்தக் கேஷும் தேவையில்லை. கண்டுபிடித்த பிறகு போனைப் பையில் போட்டுவிட்டு, ஐந்து நிமிடம் அந்த இடத்தைப் பாருங்கள். நிஜப் புதையல் அதுதானே!