விளக்கம் கேட்காத ஊர்

வெளியாள் ஒருவர் சிற்றூருக்கு வந்து சேர்கிறார்; ஊர் அவரைத் தப்பாக எடுத்துக்கொள்கிறது; கடைசியில் உண்மை தெரிந்து எல்லோரும் மனம் நெகிழ்கிறார்கள். கொஞ்சம் கிறுக்குத்தனமும் நிறைய ஈரமும் உள்ள இந்தச் சிறு பட்ஜெட் படங்களைப் பற்றி யாரைக் கேட்டாலும் இப்படித்தான் கதை சொல்வார்கள். முதல் இரண்டும் சரி. மூன்றாவதுதான் இடிக்கிறது. இந்த வகையில் வந்த நல்ல படங்களைத் திரும்பப் பார்த்தால், உண்மை பெரும்பாலும் வெளிவருவதே இல்லை. வந்தாலும் அதனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடுவதில்லை. மனிதர்கள் ஒருவரையொருவர் சரியாகப் புரிந்துகொள்ளாமலேயே ஒட்டிக்கொள்கிறார்கள்.

ஜெர்மன் இயக்குநர் பெர்சி அட்லோன் 1987இல் எடுத்த ‘பக்தாத் கஃபே’யை எடுத்துக்கொள்வோம். கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் கணவனோடு சண்டை போட்டுக் காரைவிட்டு இறங்கிய ஜெர்மன் சுற்றுலாப் பயணி யாஸ்மின், பெட்டியை இழுத்துக்கொண்டு சாலையோர விடுதி ஒன்றுக்கு நடந்தே வருகிறாள். விடுதியை நடத்தும் கறுப்பினப் பெண் பிரெண்டாவும் சற்று முன்புதான் தன் கணவனை விரட்டியிருக்கிறாள். எதிரெதிரே நிற்கும் இருவரும் முகத்தைத் துடைக்கிறார்கள். ஒருத்திக்கு வியர்வை, இன்னொருத்திக்குக் கண்ணீர். யாஸ்மின் அவசரத்தில் தூக்கிவந்தது கணவனின் பெட்டி. அறையைச் சுத்தம் செய்யப் போகும் பிரெண்டா, ஆண்பிள்ளைத் துணிமணியாகத் தொங்குவதைப் பார்த்து மிரண்டு ஷெரிஃபுக்குத் தகவல் சொல்கிறாள். அவர் வந்து பார்த்துவிட்டு, குற்றமென்று எதுவும் இல்லை எனக் கிளம்பிவிடுகிறார். சுமாரான இயக்குநர் கையில் கிடைத்திருந்தால் யாஸ்மின் இந்த இடத்தில் தன் கதையைச் சொல்லி அழுதிருப்பாள். அட்லோனின் யாஸ்மினோ, பிரெண்டா வெளியே போன நேரத்தில் அலுவலக அறையைக் கேட்காமலேயே கூட்டிப் பெருக்கி ஒழுங்குபடுத்தி வைக்கிறாள். திரும்பி வந்தவள் துப்பாக்கியைத் தூக்குகிறாள்! பிறகு அந்தப் பெட்டியில் இருந்த மாயவித்தைச் சாமான்களை வைத்து யாஸ்மின் வித்தை பழக, லாரி ஓட்டுநர்கள் குவிகிறார்கள், கடை நிரம்புகிறது. சந்தேகத்தைக் கிளப்பிய பெட்டியே பிழைப்புக்கும் வழி செய்கிறது. பெட்டி எப்படி மாறியது என்று உட்காரவைத்து விசாரிக்கப் பிரெண்டாவுக்கு நேரம் ஏது? அடுத்த மேசைக்குக் காபி போக வேண்டும்.

இஸ்ரேலிய இயக்குநர் எரான் கோலிரினின் ‘தி பேண்ட்ஸ் விசிட்’ (2007) இன்னும் ஒரு படி மேலே போகிறது. எகிப்தின் அலெக்சாண்ட்ரியா காவல்துறையின் வாத்தியக் குழு, எட்டுப் பேர், வெளிர்நீலச் சீருடையில் இஸ்ரேலுக்கு வருகிறார்கள். போக வேண்டிய ஊர் பெத்தா திக்வா. பெயர்க் குழப்பத்தில் போய்ச் சேர்ந்ததோ பாலைவனத்து பெய்த் ஹதிக்வா. அன்றைக்கு வேறு பஸ் கிடையாது. உணவகம் நடத்தும் தினா சோறு போட்டு, ராத்தங்க இடமும் பார்த்துக் கொடுக்கிறாள். சுவரில் ஒரு ராணுவ டாங்கியின் புகைப்படம். குழுவில் ஒருவர் தன் தொப்பியைக் கழற்றி அதன்மேல் மாட்டிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்கிறார். அன்றிரவு ஸ்கேட்டிங் கூடத்தில், பெண்ணிடம் எப்படி நடந்துகொள்வது என்று தெரியாமல் விழிக்கும் உள்ளூர் இளைஞனுக்கு எகிப்தியன் ஒருவன் பாடம் எடுக்கிறான். கைக்குட்டை கொடு, மதுவை நீட்டு, முழங்காலில் கை வை. அவன் செய்வதை அப்படியே இவன் பக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் செய்கிறான். பேச்சே இல்லை. என்னைக் கேட்டால் இந்த வகைப் படங்கள் அத்தனையிலும் இதுதான் முதல் காட்சி. பேச்சு வரும் இடங்களில் இரு தரப்பும் தட்டுத்தடுமாறி ஆங்கிலம் பேசுகிறார்கள். அயல்மொழிப் பிரிவில் இஸ்ரேல் இந்தப் படத்தை ஆஸ்காருக்கு அனுப்பியபோது, வசனத்தில் பாதிக்கு மேல் ஆங்கிலம் என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். யாருக்கும் சொந்தமில்லாத அந்த ஓட்டை ஆங்கிலம்தான் படத்தின் உயிரே.

இதெல்லாம் சர்க்கரை தடவிய பொய் என்று சொல்பவர்கள் உண்டு. ‘லார்ஸ் அண்ட் தி ரியல் கேர்ள்’ படத்தை அவர்கள் காட்டினால் என்னிடம் முழுப் பதில் இல்லை. பொம்மையைக் காதலியென்று கூட்டிவருகிறான் லார்ஸ். அமெரிக்கச் சிற்றூர் அந்தப் பொம்மையைப் பள்ளிக் குழுவுக்கே தேர்ந்தெடுக்கிறது. லார்ஸ் அந்த ஊர்ப் பையன், தேவாலயத்துக்குப் போகிற வெள்ளைக்காரன். வேற்று நாட்டான் ஒருவன் அதே பொம்மையோடு வந்திறங்கியிருந்தால் ஊர் இவ்வளவு பொறுத்திருக்குமா? சந்தேகம்தான். ஆனால் கோலிரின் மீது அரசியலைத் தொடாமல் நழுவினார் என்ற பழியைப் போடுவது சரியில்லை. தொப்பி மறைத்தாலும் டாங்கிப் படம் சுவரில்தான் இருக்கிறது. அதைக் கழற்றி வைக்கும்படி யாரும் கேட்கவில்லை, கழற்றவும் இல்லை. ஓர் இரவு விருந்தோம்பலால் இரு நாட்டுப் பகை தீரும் என்று படம் எந்த இடத்திலும் சொல்லவில்லை. மறுநாள் காலை குழு சரியான ஊருக்குப் போய்விடுகிறது.

அட்லோனுக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது. கடை களைகட்டி நடக்கும்போது அதே ஷெரிஃப் மறுபடி வருகிறார். முதல் தடவை வரவழைத்தது பிரெண்டாவின் சந்தேகம். இப்போது வந்திருப்பது சட்டம். சுற்றுலா விசா முடிந்துவிட்டது, வேலை பார்க்க அனுமதியும் இல்லை என்று தன்மையாகத்தான் சொல்கிறார். தப்பபிப்பிராயம் என்றால் கூடப் பழகப் பழகக் கரையும், விசாத் தேதிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. யாஸ்மின் போய்விடுகிறாள், கடை மறுபடி தூங்கி வழிகிறது. பிறகு அவள் திரும்பி வருகிறாள். அங்கே தங்கியிருக்கும் ஓவியர் ரூடி, தன்னை மணந்துகொண்டால் இந்த நாட்டிலேயே இருந்துவிடலாமே என்று கேட்கிறார். பிரெண்டாவிடம் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்கிறாள் யாஸ்மின்.