சங்கக் கிடங்கின் காவற்கண்: கம்பியில்லாக் காமிராவை அமைப்பதும் பேணுவதும்

கரிசற்காட்டுப் பருத்தியைக் காக்க உழவன் பரணில் விழித்திருந்தான். பாவு களவு போகாமலிருக்க நெசவாளன் தறியின் அருகிலேயே பாய் விரித்துப் படுத்தான். அவரவர் பொருளை அவரவரே காத்த காலம் அது. கூட்டுறவு வந்த பின்னர் இந்நிலை மாறியது. அருப்புக்கோட்டை, சுந்தரபாண்டியம் போன்ற நெசவூர்களில் நூறு வீட்டாருக்கு உரிய நூல் ஒரே கிடங்கில் இருக்கிறது. விவசாயி வீட்டு நகை கடன் சங்கத்தின் இரும்புப் பெட்டகத்தில் இருக்கிறது. ஆகவே சங்கக் கிடங்கில் ஒரு பூட்டு உடைந்தால் நூறு வீட்டு அடுப்பு பாதிக்கப்படும்.

இதனாலேயே நமது விருதுநகர் மாவட்டச் சங்கங்கள் பலவும் கண்காணிப்புக் காமிரா வாங்க விரும்புகின்றன. நகர்ப்புறங்களில் பொதுமக்கள் கூடும் கட்டடங்களில் காமிரா பொருத்த வேண்டுமெனத் தமிழக அரசு 2012-ஆம் ஆண்டிலேயே விதி வகுத்தது. இப்போது கம்பி இழுக்காமலே பொருத்தத்தக்க வைஃபை காமிராக்கள் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் வாங்குவதில் உள்ள ஆர்வம் பேணுவதில் இல்லை என்பதைத் தணிக்கைக்குச் செல்லுமிடங்களில் நாம் காண்கிறோம். எனவே அங்கத்தினரும் நிர்வாகக் குழுவினரும் அறிய வேண்டுவனவற்றை இங்கே தொகுத்துரைக்க விரும்புகிறோம்.

காவலாளி அன்று, சாட்சி

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். காமிரா திருடனைத் தடுப்பதில்லை. 2019 அக்டோபர் 2-ஆம் நாள் அதிகாலையில் திருச்சிராப்பள்ளிச் சத்திரம் பேருந்து நிலையத்தின் அருகேயுள்ள பெரிய நகைக்கடை ஒன்றில், சுவரைத் துளைத்து இருவர் உள்ளே புகுந்தனர். முகமூடி அணிந்திருந்தனர், மோப்ப நாய்க்குத் தடம் தெரியாதிருக்க மிளகாய்த்தூளைத் தூவினர், சுமார் 13 கோடி ரூபாய் நகையுடன் வெளியேறினர். காமிராக்கள் யாவற்றையும் பதிவு செய்தன. எனினும் காலையில் கடை திறந்த பிறகே களவு வெளிப்பட்டது. திருவாரூரில் காவல் துறையினர் நடத்திய வாகனச் சோதனையிலேதான் முதற் பிடி கிடைத்தது.

இதன் பொருள் காமிரா பயனற்றது என்பதன்று. அது நடந்ததைச் சொல்லும் சாட்சி, அவ்வளவே. சாட்சி பேச வேண்டுமாயின் அது உரிய இடத்தில் நிற்க வேண்டும். அதன் நினைவு நீண்டிருக்க வேண்டும். அதன் வாயை அயலார் அடைக்க இயலாதிருக்க வேண்டும். இம்மூன்றும் சங்கத்தாரின் பொறுப்பு.

இடம் தேர்தல்

கம்பியில்லாக் காமிரா என்ற பெயர் சிலரை ஏமாற்றுகிறது. படம் மட்டுமே காற்றில் அலையாகச் செல்லும். மின்சாரம் பெரும்பாலான காமிராக்களுக்குக் கம்பி வழியாகவே செல்ல வேண்டும். ஆகவே மின்சாரமும் வைஃபை அலையும் ஒருங்கே எட்டும் இடமே ஏற்ற இடம். கான்கிரீட் சுவரும் தகரமும் இரும்பு அலமாரியும் அலையைத் தடுக்கும். காமிராவைப் பொருத்து முன்னர், கைபேசியை அவ்விடத்தில் பிடித்து வைஃபை வலிமையைப் பார்த்துக்கொள்க. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டி அதிகத் தொலைவு செல்லும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமுடையது, ஆனால் எட்டும் தூரம் குறைவு. கிடங்கிற்கு முன்னதே பொருந்தும்.

வாயிலுக்கு நேரெதிரே வைத்தால், வெயில் பின்னின்று அடித்து வருவோர் முகம் கருத்துத் தெரியும். பக்கவாட்டில் வைப்பது நலம். ஆள் கைக்கு எட்டாமலும் முகம் தெரியாத அளவுக்கு உயர்ந்துவிடாமலும், எட்டு முதல் பத்து அடி உயரத்தில் அமைக்கலாம். கோடையில் தகரக் கொட்டகையின் அடியில் வெப்பம் மிகக் கடுமையாதலால் நிழலுள்ள இறவாரத்தைத் தேர்க. வெளிப்புறத்தில் பொருத்துவதாயின் தூசியையும் மழையையும் தாங்கும் ஐ.பி. 66 தரமுள்ளதையே வாங்க வேண்டும்.

நூற் கிடங்கிற்கு உரிய இடையூறு ஒன்றுண்டு. பஞ்சுத் துகள் கண்ணாடியில் படிந்தால், இரவில் காமிராவின் அகச்சிவப்பு ஒளி அத்துகளிலேயே பட்டுத் திரும்பும். படம் வெண்புகையாய் மாறும். இரவில் காமிராவை நாடிப் பூச்சி வரும். பூச்சியை நாடிச் சிலந்தி வந்து வலை பின்னும். வாரம் ஒருமுறை மென்துணியால் துடைத்தல் அவசியம்.

இணைப்பும் பூட்டும்

இணைப்பது கடினமன்று. காமிராவுக்கு மின்சாரம் தந்து, உற்பத்தியாளரின் செயலியைக் கைபேசியில் ஏற்றி, காமிராவின் மேலுள்ள கட்டக் குறியைப் படித்து, சங்கத்தின் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் இணைப்பு முடிந்தது. ஆனால் வேலை அத்துடன் முடிந்துவிடுவதில்லை.

ஆலையிலிருந்து வரும்போதே காமிராவில் ஒரு பொதுக் கடவுச்சொல் இருக்கக்கூடும். அதை மாற்றாமல் விடுவது, கடைக்காரன் கொடுத்த பூட்டின் சாவி ஊரெல்லாம் கிடக்கக் கதவை அதனாலேயே பூட்டுவது போன்றது. 2016-ஆம் ஆண்டில் ‘மிராய்’ என்னும் தீய நிரல், இவ்வாறு மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்டே உலகெங்கும் பல்லாயிரம் காமிராக்களையும் ரௌட்டர்களையும் தன்வசப்படுத்திற்று. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அவற்றை ஏவி நடத்திய தாக்குதலால் அமெரிக்காவில் பெரிய இணையத்தளங்கள் பல, பல மணி நேரம் முடங்கின. காமிராவின் சொந்தக்காரர்களுக்கோ ஒன்றும் தெரியாது. வேலியே பயிரை மேய்ந்த கதை இது.

ஆகவே செய்ய வேண்டுவன இவை. காமிராவுக்கும் ரௌட்டருக்கும் வெவ்வேறான, நீண்ட கடவுச்சொற்களை அமைக்க வேண்டும். வைஃபை பாதுகாப்பு டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 என்ற முறையில் இருக்க வேண்டும். அலுவலகக் கணினி இருக்கும் இணைப்பிலிருந்து பிரித்து, காமிராக்களுக்குத் தனி இணைப்பு வைப்பது நலம். உற்பத்தியாளர் வெளியிடும் மென்பொருள் திருத்தங்களை உடனுக்குடன் ஏற்ற வேண்டும். காமிராக்களின் பாதுகாப்புச் சோதனை பற்றி மத்திய அரசு 2024 ஏப்ரலில் அறிவித்த விதிகள் 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. வாங்கும்போது அச்சான்று உண்டா எனக் கேட்பது செயலாளரின் கடமை. செயலாளர் மாறினால் பெட்டகச் சாவியை ஒப்படைப்பது போலவே கடவுச்சொல்லையும் ஒப்படைத்து, புதியவர் அதனை மாற்றிவிட வேண்டும்.

நினைவின் நீளம்

நாம் மிகவும் வற்புறுத்த விரும்புவது இப்பகுதியையே. நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில் மாத முடிவில் நூற்கட்டு சில குறைந்திருந்தன. காமிரா இருந்தது; நன்றாக ஓடியும் வந்தது. ஆனால் அதில் கடைசி ஒன்பது நாட்பதிவே இருந்தது. அதற்கு முந்தியவற்றின் மேல் புதிய பதிவு ஏறி, பழையது அழிந்துவிட்டது. ஐயம் கிடங்குக் காவலர் மேல் விழுந்தது. அவர் குற்றவாளி என்று காட்டவும் படமில்லை. குற்றமற்றவர் என்று காட்டவும் படமில்லை. பல ஆண்டு உழைத்த ஒருவர் அப்பழியைச் சுமந்தே நடமாட வேண்டியதாயிற்று.

இதனைத் தவிர்க்கச் சிறு கணக்கு ஒன்று போதும். நொடிக்கு 2 மெகாபிட் அளவில் பதியும் காமிரா நாளொன்றுக்கு 21.6 ஜிகாபைட் இடம் கொள்ளும். காமிராவுக்குள் 128 ஜிகாபைட் மெமரி கார்டு இருந்தால் ஏறக்குறைய 6 நாட்பதிவே நிற்கும். நான்கு காமிராக்கள் என்றால் நாளுக்கு 86.4 ஜிகாபைட், 1 டெராபைட் ஹார்டு டிஸ்க்கு 11 நாளில் நிறைந்துவிடும். முப்பது நாளுக்கு 2,592 ஜிகாபைட் வேண்டும்; அதாவது 4 டெராபைட் டிஸ்க்கு வாங்கினால் கவலையில்லை. எச்.265 என்னும் சுருக்க முறை, பழைய எச்.264 முறையைவிட ஏறத்தாழப் பாதி இடத்தையே கொள்ளும். அசைவு உள்ளபோது மட்டும் பதியச் செய்தாலும் இடம் மிஞ்சும்.

எனவே விதி இதுவே: காமிராவின் நினைவு, இருப்புச் சரிபார்ப்பின் இடைவெளியைவிட நீண்டிருக்க வேண்டும். மாதம் ஒருமுறை நூலை எண்ணும் சங்கத்திற்கு நாற்பது நாட்பதிவு வேண்டும். அதற்குப் பணமில்லையெனில் வாரம் ஒருமுறை இருப்பை எண்ணுக. பத்து நாட்பதிவே போதுமானதாகும். பதிவு முழுவதும் காமிராவினுள்ளேயே இருப்பதும் தகாது. காமிராவைப் பிடுங்கிச் செல்பவன் சாட்சியையும் கொண்டு செல்வான். பதிவுப் பெட்டி வேறொரு பூட்டிய அறையில் இருத்தல் நலம்.

மின்தடையையும் எண்ண வேண்டும். காமிராவுக்கு 5 வாட், ரௌட்டருக்கு 10 வாட் எனக் கொண்டால், 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பாட்டரி, இழப்புப் போக நான்கு மணி நேரம் தாங்கும்.

பட்டாசுப் பகுதிக்குத் தனி எச்சரிக்கை

நமது அங்கத்தினர் குடும்பங்களிலிருந்து சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளின் பட்டாசு ஆலைகளுக்கு வேலைக்குச் செல்வோர் பலர். சங்கத்தில் பார்த்த காமிராவை அங்கும் மாட்டலாமே என்று எவரும் எண்ணிவிடலாகாது. மருந்து கலக்கும் அறை, மருந்து செலுத்தும் அறை, காயவைக்கும் தளம், சரக்கு வைக்கும் கிடங்கு ஆகிய இடங்களில் சாதாரண வீட்டுக் காமிரா ஒருபோதும் புகலாகாது. அதன் அடாப்டர் சூடேறும். தளர்ந்த இணைப்பில் பொறி பறக்கும். பாட்டரியால் இயங்குவதாயினும் பழுதடைந்த லித்தியம் பாட்டரி தீப்பற்றக்கூடும். காற்றில் மிதக்கும் அலுமினியத் தூளுக்கு அச்சிறு பொறியே போதும். வெடிபொருள் விதிகள், 2008 என்பதன்கீழ் உரிமம் பெற்ற இடங்களில் எந்த மின்கருவியும், பெசோ எனப்படும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனத்தின் விதிக்கு உட்பட்டே வைக்கத்தக்கது. அதன் அலுவலகம் சிவகாசியிலேயே உள்ளது, கேட்டறிந்து செய்க.

ஆயினும் ஆபத்துள்ள இடத்தைத் தொலைவிலிருந்து பார்ப்பதற்கு இக்கருவி முன்னரே பயன்பட்டது என்பதை நினைவிற்கொள்ளலாம். 1942-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பீனமுண்டே தளத்தில் ராக்கெட்டு ஏவுதலை ஆட்கள் அருகில் நில்லாமல் பார்ப்பதற்காகவே பொறியாளர் வால்டர் புரூக் மூடிய சுற்றுத் தொலைக்காட்சியை அமைத்தார். அதுபோலவே ஆலை வாயிலிலும் அலுவலகத்திலும், அறைகளிலிருந்து உரிய தூரத்தில், விதிப்படி வைக்கப்பட்ட காமிரா பெரும் பயன் தரும். உரிமத்தில் கண்ட எண்ணுக்கு மேல் ஆட்கள் அறைக்குள் செல்கின்றனரா என்பதை அது காட்டும். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதல் வெடிப்பைக் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்தோரும் அவர்களுள் இருந்தனர். உள்ளே எவர் இருக்கின்றனர், தீ எங்கே பரவுகிறது என்பதைத் தொலைவிலிருந்தே அறிய வழியிருந்தால், ஓடிச் செல்வோரை நிறுத்திவைக்க அதுவும் ஒரு துணையாகும்.

பதிவேடும் தீர்மானமும்

காமிராவுக்கென ஒரு பதிவேடு திறக்க வேண்டும். தேதி, படம் தெரிந்ததா, கடிகாரம் சரியா, மிகப் பழைய பதிவு எந்நாளுக்குரியது, பார்த்தவர் கையொப்பம் என ஐந்து பத்திகள் போதும். காலையில் ரொக்கக் கையிருப்பை எண்ணும்போதே இதையும் எழுதிவிடலாம். இரண்டு நிமிட வேலை. வாரம் ஒருமுறை பழைய பதிவு ஒன்றை எடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கடிகாரம் பிழையானால் பதிவின் மதிப்பு குறையும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்டக் கருவிக்குப் பொறுப்பாளரும் வல்லுநரும் கையொப்பமிட்ட சான்று வேண்டும். களவு நேர்ந்தால் மூலப்பதிவை அழிக்காமலும் வெட்டாமலும் பிரதியெடுத்து, காவல் துறையினரிடம் ஒப்படைத்து இரசீது பெறுக. கைபேசிக் குழுக்களில் பரப்புதல் கூடாது.

இறுதியாக, காமிரா அங்கத்தினரின் பொருளைக் காக்க வந்ததேயன்றி அங்கத்தினரை வேவு பார்க்க வந்ததன்று. பெண்கள் அமர்ந்து நூல் சுற்றும் இடம், உடை மாற்றும் அறை, கழிப்பிடப் பாதை ஆகியவற்றை நோக்கி அது திரும்பலாகாது; தனிமையிலுள்ள பெண்ணைப் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின்படி குற்றமுமாகும். எத்தனை காமிரா, எவ்விடம், எத்தனை நாட்பதிவு, யார் பார்க்கலாம் என்பவற்றை மகாசபையில் வைத்துத் தீர்மானமாக நிறைவேற்றுக. ‘இங்கே காமிரா உள்ளது’ என்னும் பலகையை வாயிலில் தமிழில் எழுதி வைக்க. பதிவைப் பார்க்கும் உரிமை செயலாளருக்கும் தலைவருக்கும் கூட்டாகவே இருக்கட்டும். இரும்புப் பெட்டகத்திற்கு இரட்டைச் சாவி வைத்த நம் முன்னோர் இந்நெறியை முன்னரே கண்டவர்கள்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இதனைப் பொருளாக வைத்து, சங்கக் காமிராவில் இன்று மிகப் பழைய பதிவு எந்நாளுக்குரியது என்ற ஒரு கேள்வியை மட்டும் அங்கத்தினர்கள் கேட்பார்களாக. அதற்கு உடனே விடை கூற இயலும் சங்கத்தில் நூலும் பத்திரமாயிருக்கும். அதைக் காத்துநிற்கும் ஊழியரின் நற்பெயரும் பத்திரமாயிருக்கும்.