நல்ல பெயரும் ஒரு முதல்தான்

முதல் இல்லாமல் வியாபாரம் இல்லை என்பது எமக்கெல்லாம் தெரியும். ஆனால் முதல் என்றவுடன் பணம், கடை, சரக்கு ஆகியவைதான் நினைவுக்கு வருகின்றன. வாடிக்கையாளர் எம்மீது வைக்கும் நம்பிக்கையும் முதல்தான். அது எப்படிச் சேர்கின்றது, எப்படிக் கரைகின்றது என்பதற்கு இந்த வாரம் போலந்து நாட்டுக் கம்பனி ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்கின்றேன்.

கம்பனியின் பெயர் சிடி ப்ரொஜெக்ட். கணினி விளையாட்டுகளைத் தயாரித்து வெளியிடுவது அதன் தொழில். இந்த விளையாட்டுகளைப் பற்றி எமக்கென்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். அவற்றிலுள்ள வன்முறைக்கும் ஆபாசத்துக்கும் நான் வக்காலத்து வாங்க வரவில்லை. பிள்ளைகளுக்கு எதை வாங்கிக் கொடுப்பது என்பது பெற்றோர் கவனிக்கவேண்டிய விடயம். நான் பார்ப்பது அதிலுள்ள வியாபாரப் பாடத்தை மட்டுமே.

மார்சின் இவின்ஸ்கி, மிஹால் கிச்சின்ஸ்கி என்ற இரு பாடசாலை நண்பர்கள் 1994 இல் வார்சோ நகரில் இந்தக் கம்பனியைத் தொடங்கினார்கள். கையிலிருந்தது சுமார் 2,000 டொலர். வெளிநாட்டு விளையாட்டு இறுவட்டுகளை இறக்குமதி செய்து விற்றார்கள். ஆனால் அங்கே கள்ளப் பிரதிகள் மலிந்து கிடந்தன. கள்ளப் பிரதியுடன் விலையில் போட்டியிட எவராலும் முடியாது. கடைக்காரன் என்ற வகையில் என்னைக் கவர்ந்தது அவர்கள் கண்ட வழிதான்.

1999 இல் 'போல்டர்ஸ் கேட்' என்ற விளையாட்டை அவர்கள் போலந்து மொழியில் வெளியிட்டார்கள். பிரபல நடிகர்களைக் கொண்டு குரல் கொடுக்க வைத்தார்கள். பெட்டிக்குள் வரைபடம், கைநூல், இசை இறுவட்டு என்று பலதையும் சேர்த்தார்கள். விலையைக் குறைப்பதற்குப் பதிலாகப் பெறுமதியைக் கூட்டினார்கள். முதல் நாளிலேயே 18,000 பிரதிகள் விற்பனையாகின.

பின்னர் 2007 இல் 'த விட்சர்' என்ற சொந்த விளையாட்டை வெளியிட்டார்கள். 2008 இல் பிரதி எடுப்பதைத் தடுக்கும் பூட்டு எதுவுமின்றி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையைத் திறந்தார்கள். வாங்குபவனைத் திருடனாகப் பார்க்காத கடை அது. 2015 இல் 'விட்சர்' மூன்றாம் பாகம் வந்தபோது, 16 மேலதிகப் பகுதிகளை இலவசமாகவே கொடுத்தார்கள். பெயர் உலகெங்கும் பரவியது.

அந்தப் பெயரின் பெறுமதி 2020 இல் தெரிந்தது. 'சைபர்பங்க் 2077' என்ற விளையாட்டு வெளிவருவதற்கு முன்பே 80 இலட்சம் பேர் முன்பதிவு செய்துவிட்டார்கள். சரக்கைக் காணாமலேயே அதற்கு ஓடர் கொடுப்பதென்றால் அது எவ்வளவு பெரிய அமானிதம்!

டிசம்பர் 10 இல் சரக்கு வந்தது. நல்ல கணினிகளில் ஓரளவு ஓடியது. பழைய பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் இயந்திரங்களில் திக்கித் திணறியது, இடையில் நின்றது. இதைவிடப் பெரிய பிழை ஒன்றும் இருந்தது. வெளியிடுவதற்கு முன்னர் விமர்சகர்களுக்குக் கணினிக்கான பிரதியை மட்டுமே கொடுத்திருந்தார்கள். பழைய இயந்திரங்களில் அது ஓடும் இலட்சணத்தை எவரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட சம்பவம் எமக்குப் புதியதல்ல. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னான். அப்படியானால் மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் எம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். தானியம் நனைவது மனிதனின் கையில் இல்லை. நனைந்ததை அடியில் மறைப்பது அவன் கையில்தான் இருக்கின்றது.

விளைவு உடனே வந்தது. கம்பனி மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. ஒரு வாரம் கழிந்ததும் சொனி நிறுவனம் அந்த விளையாட்டைத் தன் இணையக் கடையிலிருந்தே தூக்கியது. 2021 ஜூன் வரை அது திரும்பவில்லை. அமெரிக்காவில் பங்குதாரர்கள் தொடுத்த வழக்கைத் தீர்க்க 18.5 இலட்சம் டொலர் போனது.

ஆனால் அவர்கள் ஓடி ஒளியவில்லை. 2021 ஜனவரியில் இவின்ஸ்கி தானே மக்கள் முன் தோன்றி, முடிவெடுத்தது நிர்வாகம்தான், ஊழியர்களைக் குறைசொல்ல வேண்டாம் என்றார். அதன்பின் சுமார் மூன்று வருடங்கள் திருத்தங்களை இலவசமாகவே வழங்கினார்கள். 2023 செப்டம்பரில் வந்த பெரிய திருத்தத்துடன்தான் மக்கள் மனம் மாறியது. 2024 இல் விற்பனை 3 கோடிப் பிரதிகளைத் தாண்டியது.

இருபத்தைந்து வருடம் சேர்த்த பெயர் ஒரு வாரத்தில் கரைந்தது. அதை மீட்க மூன்று வருடம் சென்றது. அவர்களிடம் அதற்குப் பணம் இருந்தது. எம்மைப் போன்ற சிறு வியாபாரிகளுக்கு மூன்று வருடம் தாக்குப்பிடிக்கும் வசதி ஏது?

ஆகவே, பக்கத்துக் கடைக்காரன் விலையைக் குறைத்தால் நாம் பெறுமதியைக் கூட்டுவோம். முற்பணம் வாங்கினால் அதை அமானிதமாகக் கருதுவோம். பழுதிருந்தால் வாடிக்கையாளர் கண்டுபிடிக்கும் முன்னரே நாமே சொல்லிவிடுவோம். பிழை நேர்ந்தால் கடைப் பையன்மீது பழியைப் போடாமல் முதலாளியே முன்வந்து பொறுப்பேற்போம். இலாபம் சற்றுக் குறையலாம். பரக்கத் குறையாது, இன்ஷா அல்லாஹ்.