பிரயாணம் செய்யாத பணம்

சிங்கப்பூரில் உத்தியோகம் பார்க்கும் மகன் பணம் அனுப்ப ‘ஸ்விஃப்ட் கோடு’ கேட்க, நெய்வேலி நகரியத்து வங்கிக் கிளையில் எழுதிக் கொடுத்த குறியீடோ வேறோர் ஊர்க் கிளையினுடையதாக இருக்கக் கண்டு, பணம் அங்கேயே இறங்கிவிடுமோ என்று விசாரப்பட்டு எழுதியிருக்கிறார் வாசகர் ஒருவர். இறங்காது; பணம் பிரயாணமே செய்வதில்லை.

‘நொடியில் பணம்’ என்று விளம்பரம் செய்வோர் சொல்லாமல் விடும் விஷயம் இது: கடல் கடந்து வருவது செய்தி மாத்திரமே. நான்காம் வட்டத்து மளிகைக் கடையில் அண்ணன் ஒருவர் பணம் கட்டி, இருபதாம் வட்டத்துத் தங்கைக்கு ஒரு கிலோ வெல்லம் சேர்க்கச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் வெல்லத்தைச் சைக்கிளில் ஏற்றுவதில்லை; தம் நோட்டில் இருபதாம் வட்டத்துக் கடைக்காரர் பேரில் தொகையை வரவு வைத்து, துண்டுச்சீட்டு ஒன்றை மட்டும் கொடுத்தனுப்ப, அவர் தம் மூட்டையிலிருந்தே நிறுத்துக் கொடுத்துவிடுகிறார். பிறர் நோட்டில் தமக்குள்ள இத்தகைய கணக்கைத்தான் வங்கிக்காரர்கள் ‘நாஸ்ட்ரோ’ என்பர். இத்தாலிய மொழியில் ‘நம்முடையது’ என்று பொருள். இரு கடைக்காரர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் இல்லையெனில், இருவரிடமும் பற்று வரவுள்ள மூன்றாமவர் இடையே புகுந்து, சிரமத்துக்கென்று ஒரு பிடி வெல்லத்தை எடுத்துக்கொள்வார். அனுப்பிய தொகை குறைந்து வந்து சேர்ந்தால் எறும்புகளின் மேல் பழி போடலாகாது.

வங்கிகளுக்கிடையே இந்தத் துண்டுச்சீட்டைக் கொண்டுசெல்வது ஸ்விஃப்ட். சரித்திரம் வேண்டுவோர்க்கு: 1973இல் 15 நாடுகளின் 239 வங்கிகள் கூடி பெல்ஜியத்தில் நிறுவிய ஸ்தாபனம் அது; 1977இல் செய்திகள் ஓடத் தொடங்கின.

சீட்டின் மேல்விலாசமே ஸ்விஃப்ட் குறியீடு. முதல் 4 எழுத்துகள் வங்கி, அடுத்த 2 தேசம், பின் 2 ஸ்தலம், வேண்டுமானால் 3 கிளை. பாரத ஸ்டேட் வங்கிக்கு எஸ்பிஐஎன், ஐஎன், பிபி. சென்னையில் தலைமையகம் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கும் அதே பிபி என்றால், ஸ்தல எழுத்துகளில் ஊரைத் தேடுவது வீண். அந்நியச் செலாவணி சில கிளைகளில் மட்டுமே கையாளப்படுவதால், சீட்டு அங்கே பிரிக்கப்பட்டு, கணக்கு எண்ணைப் பார்த்து நெய்வேலிக் கணக்கில் வரவாகும்.

எழுதுவதில் பிழை நேர்ந்தால்? ஐரோப்பியரின் வங்கிக் கணக்கு எண்ணான ஐபானில், குறிகளை இடம்மாற்றி, எழுத்துகளை எண்ணாக்கி, 97ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். தட்டச்சுப் பிழையைப் பெரும்பாலும் அதுவே காட்டிக்கொடுக்கும். ஸ்விஃப்ட் குறியீட்டில் அந்தக் காவல் இல்லை. சீட்டே போலியென்றாலும் எளிதில் தெரியாது: 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் பெயரால் திருடர்கள் அனுப்பிய சீட்டுகள் முறையானவையாகவே தோன்ற, 8.1 கோடி டாலர் மணிலாவுக்குப் போயிற்று. இலங்கைக்கென எழுதிய 2 கோடியோ, ‘பவுண்டேஷன்’ என்ற சொல்லில் விழுந்த எழுத்துப்பிழையை இடைவங்கியொன்று கவனித்து விசாரித்ததால் சிக்கிக்கொண்டது.

வாசகரின் மகன் குறியீட்டை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுக்கொள்ளட்டும். கூடவே உள்நாட்டுக் கிளைக் குறியீடான ஐஎஃப்எஸ்சியும் கேட்டால், அதன் ஐந்தாம் இடத்திலிருப்பது பூஜ்யம், ‘ஓ’ அன்று.